தாம்பத்தியத்தில் வலியா? சப்பாத்தியை நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்." உடலுறவின்போது வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் இது. அக்கா சொல்வார், அத்தை சொல்வார், சில நேரம் மருத்துவரே சொல்வார். அப்படியும் சரியாகவில்லை என்றால், "ஒரு குழந்தை பொறந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். புதுமணத் தம்பதிக்கு முதல் சில தடவை இருக்கும் இலேசான எரிச்சல் வேறு விஷயம். மாதக்கணக்கில் வலிக்கிறது, அல்லது இத்தனை நாள் நன்றாக இருந்துவிட்டு இப்போது வலிக்கத் தொடங்கியிருக்கிறது என்றால், அதைப் பொறுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வலிக்கான காரணங்களில் ஒன்றாகச் சீலியாக் நோயின் பெயரும் அடிபடுகிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்பு சக்தி அவர்களுடைய சிறுகுடலின் உட்சுவரையே தாக்கிச் சிதைக்கும். இதைக் கேள்விப்பட்டவுடன் பலர் செய்வது, மறுநாளே சப்பாத்தியையும் பிரெட்டையும் நிறுத்திவிடுவது. அதுதான் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் ஒரு நோட்டு

மருத்துவரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பாதி விஷயம் கூடத் தெரியாது. இரண்டு மூன்று வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வலி எங்கே என்பதுதான் மிக முக்கியம். நுழையும்போதே வாசலில் எரிகிறதா, குத்துகிறதா? அல்லது உள்ளே ஆழத்தில், அடிவயிற்றில் இடிப்பது போல வலிக்கிறதா? இந்த இரண்டுக்கும் காரணங்கள் வெவ்வேறு. வாசலில் வலி என்றால் பூஞ்சைத் தொற்று, வறட்சி, பிரசவத் தையலின் தழும்பு, தோல் நோய்கள், தசை தானாக இறுகிக்கொள்ளும் வஜைனிஸ்மஸ் என்று தேடுவார்கள். ஆழத்தில் என்றால் கருப்பையின் உட்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இடுப்புக்குழித் தொற்று, சினைப்பைக் கட்டி, நாள்பட்ட மலச்சிக்கல் என்று பார்வை திரும்பும்.

வலி மாதவிடாய்க்கு முன்பு கூடுகிறதா, உறவு முடிந்தபின் எத்தனை நேரம் நீடிக்கிறது, சிறுநீர் போகும்போது எரிகிறதா, டாம்பன் வைக்கும்போதும் வலிக்கிறதா என்பதையும் எழுதுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டு வயிற்றின் கதையை எழுதுங்கள்: உப்புசம், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், என்ன சாப்பிட்டீர்கள். இந்த இரண்டாவது பத்தியை யாரும் எழுதச் சொல்வதில்லை. ஆனால் குடலுக்கும் இந்த வலிக்கும் தொடர்பு இருந்தால் அது தெரியவரும் இடம் இதுதான்.

லேடி டாக்டரிடம் போகும்போது

சீலியாக்கைத் தேடும் முன் மகப்பேறு மருத்துவரின் பரிசோதனை கட்டாயம். இந்த வலியோடு வரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்றபின்னும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி வரும். அதற்கு மருந்து இருக்கிறது, கோதுமையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

மாமியாரோ அம்மாவோ கூட வந்திருந்தால், "நான் டாக்டர்கிட்ட தனியா பேசணும்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அவர்கள் முன்னால் சொல்ல முடியாமல் "வெள்ளைப்படுது" என்று மட்டும் சொல்லி மாத்திரையோடு திரும்பிவரும் பெண்கள் ஏராளம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், நாங்க சேரும்போது எனக்கு வலிக்குது. ஆறு மாசமா இருக்கு. உள்ளே போகும்போதே எரியுது." மூன்றே வாக்கியம். மீதியை அவர் கேட்பார்.

பரிசோதனையில் பஞ்சு சுற்றிய குச்சியால் யோனி வாசலைச் சுற்றி மெல்லத் தொட்டு, எந்த இடத்தில் வலி என்று பார்ப்பார்கள். ஒரு விரலால் இடுப்புத் தசைகளின் இறுக்கத்தைப் பார்ப்பார்கள். யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை வைப்பதாக இருந்தால் "சின்ன சைஸ் இருக்கா?" என்று கேட்கலாம். வலித்தால் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். சொன்னால் நிறுத்த வேண்டும். ஆழத்தில் வலி என்றால் ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று அர்த்தமில்லை, அதையும் கேட்டுவிடுங்கள்.

உறவுக்குப் பின் ரத்தம் வருவது, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, காய்ச்சலோடு துர்நாற்றமான வெள்ளைப்படுதல், திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலி: இவற்றில் எது இருந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே போங்கள்.

சீலியாக்கைச் சந்தேகிக்க வேண்டியது எப்போது?

குடல் நோய் எப்படி அங்கே வலியைக் கொண்டுவரும் என்று கேட்கலாம். ஒரே ஒரு நேர்ப்பாதை இருப்பதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. பல கிளைப்பாதைகள் இருக்கலாம் என்கிறார்கள். வீங்கிப் புண்ணான குடலும் கருப்பையும் சிறுநீர்ப்பையும் ஒரே இடுப்புக்குழியில் நெருங்கி இருப்பவை, நரம்புகளையும் பகிர்ந்துகொள்பவை. வயிறு எப்போதும் வலித்தால் இடுப்புத் தளத் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும். சத்து உறிஞ்சப்படாததால் ரத்தசோகை, களைப்பு, மனச்சோர்வு வரும். ஆசையே இல்லாத உடலில் வழுவழுப்பான திரவமும் சரியாகச் சுரக்காது. சீலியாக் உள்ளவர்களுக்கு மற்ற தன்னெதிர்ப்பு நோய்களும் வர வாய்ப்பு கூடுதல். அவற்றில் ஒன்றான ஷோக்ரன் நோயில் கண், வாய் மட்டுமல்லாமல் யோனியும் வறண்டுபோகும்.

2002இல் இத்தாலிய மருத்துவர்கள் ஒரு பெண்ணின் நோய் வரலாற்றைப் பதிவு செய்தார்கள். நாள்பட்ட இடுப்பு வலி, மாதவிடாய் வலி, உறவின்போது ஆழத்தில் வலி மூன்றும் அவருக்கு இருந்தன. சீலியாக் என்று கண்டுபிடித்து குளூட்டனை நிறுத்தியதும் வலி விலகியது. ஒருவர் கதை சட்டமாகிவிடாது. ஆனால் 2011இல் ஸ்வீடனில் சீலியாக் உள்ள 11,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், அவர்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு என்று தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸ் ஆழத்து வலிக்கு முக்கியமான காரணம் என்பதால் இதை ஒதுக்கிவிடவும் முடியாது.

நம் ஊரில் இது எவ்வளவு சாத்தியம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2016இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், வட இந்தியப் பகுதியில் 1.23 சதவீதம் பேரின் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது. தென்னிந்தியப் பகுதியில் 0.10 சதவீதம்தான். அங்கே ஒருவர் தினமும் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், இங்கே 25 கிராம். ஆகவே தமிழ்நாட்டில் உறவு வலி மட்டுமே இருக்கும் பெண்ணுக்குச் சீலியாக் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வலியோடு கீழே உள்ளவற்றில் ஓரிரண்டும் சேர்ந்திருந்தால்தான் பரிசோதனைக்குப் போக வேண்டும்: மாதக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ஏறாத ஹீமோகுளோபின், நீண்டநாள் வயிற்றுப்போக்கு அல்லது உப்புசம், காரணமில்லாத எடைக் குறைவு, அடிக்கடி வரும் வாய்ப்புண், கருத்தரிப்பதில் தாமதம் அல்லது திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, தைராய்டு நோய், முதல் வகை சர்க்கரை நோய், முழங்கை முட்டியில் அரிக்கும் கொப்புளம், வீட்டில் யாருக்காவது சீலியாக். இவற்றில் ரத்தசோகையைத்தான் நான் முதலில் வைப்பேன். "பொம்பளைங்கன்னா ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்" என்று அதை நாம் சுலபமாகத் தள்ளிவிடுகிறோம்.

சாப்பிட்டுக்கொண்டே பரிசோதனை

இப்போது, கோதுமையை ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்கு வருவோம். முதல் பரிசோதனை ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை, டிடிஜி-ஐஜிஏ என்று எழுதித் தருவார்கள். குளூட்டனுக்கு எதிராக உடல் சண்டை போடும்போது உண்டாகும் எதிர்ப்பொருளை அது அளக்கிறது. நீங்கள் முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டால் சண்டையும் அடங்கிவிடும். நோய் இருந்தும் ரிசல்ட் 'நார்மல்' என்று வரும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்படி, பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு சாப்பிட்டிருக்க வேண்டும். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று இருப்பவர் நிறுத்தாமலேயே நிறுத்தியவர் போலத்தான். எவ்வளவு கோதுமை சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்லும் அளவுக்கு அந்த வாரங்களில் சப்பாத்தியோ ரவா உப்புமாவோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ என்ற இந்த வகை எதிர்ப்பொருள் சுரக்காது. அவர்களுக்கு டிடிஜி-ஐஜிஏ எப்போதும் நார்மலாகத்தான் காட்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தால் கேஸ்ட்ரோ மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் தொடக்கத்தில் இருந்து சில துணுக்குகள் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார். அந்த முடிவு வரும்வரை கோதுமை தொடரட்டும்.

பரிசோதனை வேண்டாம், கோதுமையை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். தெரியாது. கோதுமையில் குளூட்டன் தவிர, வாயுவை உண்டாக்கும் மாவுச்சத்து ஒன்றும் இருக்கிறது. அதை விட்டால் சீலியாக் இல்லாதவருக்கும் உப்புசம் குறையும். உப்புசம் குறைந்ததை வைத்து நோயை முடிவு செய்துவிட்டால் உண்மையான காரணம் கவனிக்கப்படாமலே கிடக்கும்.

சீலியாக் உறுதியானால் சமையலறையில்

இதில் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, எல்லாப் பருப்பும் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. இட்லி, தோசை, புட்டு, இடியாப்பம், களி, பொங்கல் எல்லாம் சாப்பிடலாம். பரோட்டா, சப்பாத்தி, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட், கோதுமைப் பாலில் செய்யும் திருநெல்வேலி அல்வா எல்லாம் வாழ்நாள் முழுக்கக் கிடையாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாட்டிக்கொள்வது மறைந்திருக்கும் கோதுமையில்.

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு என்று தினமும் எல்லாவற்றிலும் அது போகிறது. அரிசி மாவு கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பெருங்காயமே இல்லாமல் செய்யுங்கள். அடுத்தது மாவு மில். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார்; அதே எந்திரத்தில் உங்கள் கேழ்வரகைப் போட்டால் முதலில் வந்து விழுவது அவருடைய மாவு. வீட்டு மிக்ஸியில் அரைப்பது நல்லது. மால்ட் சேர்த்த பால் பவுடர்கள், சத்துமாவு, சோயா சாஸ், பீர் ஆகியவற்றிலும் கோதுமையோ பார்லியோ இருக்கும். ஓட்டலில் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசை ஊற்றுவார்கள். பாக்கெட் உணவில் 'குளூட்டன் இல்லை' என்று அச்சிட, இந்திய விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

வயிற்றுத் தொந்தரவு சில வாரங்களில் குறையத் தொடங்கலாம். குடல் முழுதாக ஆறப் பெரியவர்களுக்கு ஓரிரு வருடம்கூட ஆகும். இரும்பு, வைட்டமின் டி, பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றையும் பார்த்துக் குறைவை ஈடுகட்ட வேண்டும்.

வலி உடனே போகாவிட்டால்

குடல் ஆறிவிட்டது, ஆனாலும் தொட்டாலே உடம்பு இறுகிக்கொள்கிறது என்று சில பெண்கள் சொல்வார்கள். அது நடிப்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை. மாதக்கணக்கில் வலியை எதிர்பார்த்துப் பழகிய தசை, காரணம் போனபின்னும் அதே வேலையைச் செய்கிறது. இதற்கு இடுப்புத் தளத் தசைக்கான பிசியோதெரபி இருக்கிறது: மூச்சை ஆழமாக இழுத்து விடும்போது தசையைத் தளர்த்தப் பழகுவது, பிறகு மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும், யோனிக்குள் வைக்கும் டைலேட்டர்களை உங்கள் கையாலேயே பயன்படுத்துவது. சீலியாக் முடிவு வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம், மகப்பேறு மருத்துவர் பார்த்ததுமே தொடங்கலாம்.

அதுவரை உள்நுழைவதைத் தள்ளி வையுங்கள்; நெருக்கத்தைத் தள்ளி வைக்க வேண்டாம். கணவரிடம், "உங்கமேல ஆசை இல்லாம இல்ல, எனக்கு வலிக்குது, டாக்டர் பார்த்துட்டிருக்காங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. பல ஆண்கள் இதைத் தங்களை ஒதுக்குவதாக எடுத்துக்கொண்டுதான் கோபப்படுகிறார்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். வலிக்கிறது என்று தெரிந்தும் வற்புறுத்துகிறார் என்றால் அது வேறு பிரச்சினை, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மீண்டும் தொடங்கும்போது தண்ணீர் அடிப்படையிலான ஜெல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஆணுறை பயன்படுத்துபவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும்.

சீலியாக் உறுதியான பெண்ணுக்குக் கடைசியாக ஒரு வேலை. உடன்பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள் எல்லோரையும் அந்த ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நெருங்கிய ரத்த உறவுகளுக்கு இந்த நோய் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. படுக்கையறை வலியைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டியதில்லை, ரத்தசோகைக்காகப் பார்த்தபோது தெரிந்தது என்றாலே போதும்.