ஓய்வுக்கும் ஓர் எல்லை உண்டு

அன்புள்ள தம்பிக்கு,

காசநோய்க்கான ஆறு மாத மருந்தைத் தவறாமல் முடித்துவிட்டாய்; சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. இனி ஜிம்முக்குப் போகலாமா என்று கேட்கிறாய். வெம்பாக்கத்தில் உன் வீட்டுப் பெரியவர்கள், இன்னும் ஒரு வருஷம் உடம்பை அலட்டிக்கொள்ளாமல் சும்மா இரு என்பார்கள். அன்பினால் வரும் அறிவுரைதான் அது. ஆனால் நோய் தீர்ந்த பிறகும் நீளும் ஓய்வு, மிச்சமிருக்கிற வலுவையும் கரைத்துவிடும். மருத்துவர் சம்மதித்தபின் அளந்து ஏற்றும் பளுதான் இழந்த வலுவை மீட்டுத் தரும்.

ஓய்வே காசத்தைத் தீர்க்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவமும் நம்பியது. நோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்தது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஊர் நம் சென்னை. 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலுமாக ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இடமும் நெருக்கடி, சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தார்கள் என்று 1959இல் முடிவு வெளியானது. ஐந்தாண்டுகள் கவனித்தபோதும், நோய் திரும்பியதில் பெரிய வேறுபாடு இல்லை. பளு தூக்கலாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. கிருமியைக் கொன்றது மருந்துதான், படுக்கைக்கு அதில் பங்கில்லை என்று காட்டியது. படுக்கை என்ன செய்யும் என்பதை 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பார்த்தார்கள். நோயே இல்லாத ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுத்தே கிடந்ததில், உடல் உச்ச உழைப்பில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் குறைந்தது. பிறகு பயிற்சி செய்துதான் அதை மீட்டார்கள்.

மீட்கும் வழியை வகுத்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க மருத்துவர். இளமையில் வாதக் காய்ச்சலில் விழுந்த அவர், எடை தூக்கியே உடலைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கும் அதையே முறைப்படுத்திக் கொடுத்து, 1945இல் எழுதி வெளியிட்டார். பின்னாளில் அவர் சுருக்கித் தந்த முறை இது: பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதில் பாதியைப் பத்து முறை, முக்கால் பங்கைப் பத்து முறை, முழு எடையைப் பத்து முறை தூக்க வேண்டும். வலு கூடக் கூட எடையையும் கூட்ட வேண்டும். நோயிலிருந்து எழுந்த நீ இன்னும் கீழிருந்து தொடங்கு: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், அரைப் பஸ்கி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.

நீ செய்யும் தறி வேலையே பயிற்சிதானே என்பார்கள். குழித்தறியில் மிதிப்பதும் நாடாவை ஓட்டுவதும் கடும் உழைப்புத்தான்; ஆனால் நாளெல்லாம் ஒரே அளவு சுமை. சுமை கூடாதபோது தசை வளர்வதில்லை. நோய் திரும்பிவிடுமே என்பது இன்னொரு பயம். அந்தப் பயத்துக்கு மருந்து கவனம்தான்: மாலைக் காய்ச்சல், இரண்டு வாரம் தாண்டும் இருமல், எடைக் குறைவு, சளியில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார். குணமானபின்னும் சிலருக்கு நுரையீரலில் தழும்பு தங்கி மூச்சு வாங்கும்; அதனால் தொடங்கும் முன்பே பரிசோதனை செய்துகொள். சத்துள்ள சாப்பாட்டுக்கு வழியில்லையே என்ற தடைதான் உண்மையில் கனமானது. பயிற்சிக்கு ஏற்ற சோறும் புரதமும் இல்லாவிட்டால் உடல் மெலியும். விலையுயர்ந்த புரதப் பொடி தேவையில்லை. முட்டை, வேர்க்கடலை, பருப்பு, கொண்டைக்கடலையை அன்றாடச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்.

நோய்க்கு முன் தூக்கிய எடையை முதல் மாதமே தொட நினைக்காதே. இன்று தூக்கியதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவை. மறுநாள் காலை அசதி தீர்ந்து எழுந்தால் அந்த அளவு சரி. தீராவிட்டால் அடுத்த முறை குறைத்துக்கொள். முதலில் மருத்துவரிடம் போய், மூச்சையும் எடையையும் பார்க்கச் சொல்லி, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டு வா.

அன்புடன்,
உன் அண்ணன்