மீண்டும் மீண்டும் எரியும் விளக்கு

லாரியின் முகப்பில் இன்ஜின் விளக்கு எரிகிறது. சோதனைக் கருவியைச் செருகினால் 'பி 0087' என்ற குறியீடு தோன்றுகிறது. அழித்தால் மறைகிறது, மறுநாள் மீண்டும் வருகிறது. இக்குறியீடு கூறுவது யாது? எரிபொருள் குழலில் அழுத்தம் குறைவு என்பதே. ஏன் குறைந்தது என்பதை அது கூறுவதில்லை. குறியீடு நோயின் அறிகுறி, நோயன்று. இவ்வேறுபாட்டை மறந்தால் பணம் கரையும்.

முற்கால லாரிகளில் இத்தொல்லை இல்லை. நம் பெங்களூர் ஆடுகோடியில் மைக்கோ நிறுவனம் (2008 முதல் பாஷ் லிமிடெட்) செய்துவந்த டீசல் பம்புகள் கம்ப்யூட்டர் எதுவுமின்றி எரிபொருளை அளந்து கொடுத்தன. மெக்கானிக்கின் காதே அன்று சோதனைக் கருவி. பின்னர் வந்த 'காமன் ரெயில்' முறையில் கம்ப்யூட்டர் ஓர் அழுத்தத்தைக் கேட்கிறது. சென்சார் உண்மையில் உள்ள அழுத்தத்தைச் சொல்கிறது. இரண்டும் நெடுநேரம் ஒவ்வாவிடில் விளக்கு எரிகிறது.

யஷ்வந்தபுரம் சந்தைக்குச் சரக்கு கொண்டுவந்த ஒரு பழைய நாமக்கல் லாரியை நானும் ஒரு நண்பரும் சோதித்தோம். அதற்கு முன்பே ஒரு பட்டறையில் இருமுறை சென்சாரை மாற்றியிருந்தார்கள். வண்டி நின்ற நாளெல்லாம் வாடகை போயிற்று. கடன் தவணையோ நிற்கவில்லை. உரிமையாளரே ஓட்டுநர். "எப்போது எரிகிறது, அண்ணா?" என்றேன். "சமதரையில் ஒன்றுமில்லை தம்பி. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் நோக்கிப் பாரத்தோடு ஏறும்போதுதான்" என்றார்.

பாதி விடை அதிலேயே இருந்தது. பாரம் இழுக்கையில் எரிபொருள் மிகுதியாகத் தேவை. ஆதலின் வந்து சேரும் வழியை ஐயுற்றோம். முதலில் சென்சாரின் மூன்று வயர்களை அளந்தோம்: 5 வோல்ட் சரியாக வந்தது, எர்த் நன்றாயிருந்தது, இன்ஜினை நிறுத்திச் சற்றுநேரம் கழித்துப் பார்த்தபோது அழுத்தம் ஏறத்தாழச் சுழியம் காட்டியது. சென்சார் குற்றமற்றது. அடுத்து பில்டருக்கும் பம்புக்கும் இடையே கண்ணாடி போன்ற குழாய்த் துண்டொன்றை இணைத்தோம். இன்ஜின் வேகம் கூடியதும் டீசலோடு காற்றுக் குமிழிகள் ஓடின! டாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாயில் மெல்லிய வெடிப்பு. அது உறிஞ்சும் பக்கம். எனவே டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே புகும். ஒரு முழக் குழாய் மாற்றியதும் அதே ஏற்றத்தில், அதே பாரத்தில் விளக்கு எரியவில்லை.

மாணவ நண்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. குறியீட்டை அழிக்குமுன் அதனுடன் பதிவான வேகத்தையும் வெப்பத்தையும் குறித்துக்கொள்க. வயரை ஓம் அளவையால் மட்டும் நம்பற்க. ஓரிழை மிஞ்சிய வயரும் நல்லதாகவே காட்டும், மின்னோட்டம் பாயும்போதுதான் தோற்கும். இன்ஜின் ஓடுகையில் உயரழுத்தக் குழாயைத் தளர்த்தற்க. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைக்கும்.

அளந்த பின் மாற்றுக. மாற்றிய பின் அளப்பது வீண்செலவு.