பஞ்சாமிர்தத்துல மணக்குற ஏலக்காய்

2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பழனி பஞ்சாமிர்தத்துல அந்த மணம் ஏலக்காயோடது. போடிமெட்டுக்கு மேல ஏலமலைத் தோட்டங்கள்ல விளையுற காய், கீழே போடிநாயக்கனூருக்கும் ஏலத்துக்கு வருது (ஏலத்துக்கே ஏலம்!).

மணத்துக்கு முக்கியக் காரணம் ரெண்டு பொருள்: சினியோல், டெர்பினைல் அசிடேட். யூகலிப்டஸ் தைலத்துலயும், மேல்நாட்டுச் சமையல்ல போடுற சேஜ் இலையிலயும் அதே சினியோல் இருக்கு.

இந்த எண்ணெய் பெரும்பாலும் விதையில இருக்கு, தோல்ல இல்ல. அதனால பளபள பச்சையைப் பார்த்து மயங்காதீங்க, உரிச்சுப் பாருங்க. விதை கருத்து, பிசுபிசுன்னு இருந்தா முற்றின காய். வெளுத்திருந்தா பிஞ்சு. ஈரத்துணியில தேய்ச்சு பச்சை ஒட்டினா சாயமா இருக்கலாம். சாமிக்கும் வேண்டாம், நமக்கும் வேண்டாம். பொடிச்சு வெச்சா எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிடும். தைப்பூசத்துக்கு வீட்டுல பிசையறவங்க, கடைசியா இடிச்சுப் போடுங்க.