உரம் செலுத்தும் பம்பு: வால்வு, வாஷர் பராமரிப்பு

செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்தில் கிணற்றை நம்பிக் கரும்பு, காய்கறி பயிரிடுவோர் சொட்டுநீருடன் உரத்தையும் கொடுக்கலாம். பாசன நீரின் அழுத்தத்தாலேயே இயங்கி, உரக்கரைசலை அளந்து செலுத்தும் பம்பு இதற்கு உதவுகிறது. இதிலுள்ள வால்வுகளோ பிஸ்டன் வாஷரோ தேய்ந்தாலும் பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும்; செல்லும் உரம் மட்டும் குறையும். பயிர் வெளுத்த பிறகே குறை தெரியவரும்.

சோதிக்கும் முறை

அளவு குறித்த வாளியில் நல்ல நீர் வைத்து, பம்பை 10 நிமிடம் இயக்க வேண்டும். மணிக்கு 60 லிட்டர் அளவில் வைத்த பம்பு 10 லிட்டர் உறிஞ்ச வேண்டும். 8 லிட்டரே உறிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு உரம் பயிருக்குச் சேரவில்லை. பம்பை நிறுத்தியதும் வாளியில் நீர் ஏறினால் வால்வுகள் ஒழுகுகின்றன. ஏறாவிட்டால் வடிகட்டி அடைப்பு, உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவு, வாஷர் தேய்மானம் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கவும்.

பராமரிப்பு

1. உரமிட்டு முடிந்ததும் 10 நிமிடம் நல்ல நீரை உறிஞ்சச் செய்ய வேண்டும்.

2. கால்சியம் நைட்ரேட்டை மணிச்சத்து, சல்பேட் உரங்களுடன் ஒரே தொட்டியில் கலக்கலாகாது. கரையாத படிவு வால்வில் தங்கி, அதை முழுதும் மூடவிடாது.

3. குழாயின் அழுத்தத்தை நீக்கிய பிறகே பம்பைத் திறக்க வேண்டும். உப்புப் படிந்த வால்வை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவவும், கத்தியால் சுரண்டலாகாது. கழற்றிய திசையிலேயே மீண்டும் பொருத்தவும்.

4. வாஷருக்குக் கையேட்டில் கூறிய கிரீஸை மட்டும் தடவவும். எஞ்சின் ஆயில் சிலவகை ரப்பரை உப்பச் செய்யும்.

மோட்டார் நின்றதும் உரநீர் கிணற்றுக்குத் திரும்பாதிருக்க, மெயின் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு அவசியம். குடிநீரும் அதே கிணற்றில் எடுப்போர் இதை மறக்கலாகாது.