பேனல் வக்கீல் யாருக்கு வக்கீல்?

ஆரணி கோர்ட்டில் 38 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். அப்பா கொசப்பாளையத்தில் குழித்தறி போட்டவர். எனக்குத் தறிக்குழியில் கால் நிற்கவில்லை, கட்டுத் தூக்கப் போய்விட்டேன். என் வக்கீல் இரண்டு பேங்குகளுக்குப் பேனலில் இருந்தார். வில்லங்கம் எடுப்பதும் தாய்ப்பத்திரம் படித்துக் குறிப்பு எழுதுவதும் என் வேலை.

செய்யாறு சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் இப்போது வீட்டுக்கடன் யோசனையோடும் சம்பளச் சீட்டோடும் என் திண்ணைக்கு வருகிறார்கள். “மாமா, பேங்க் வக்கீலே பார்த்து ஓகே சொல்லிட்டாரு, போதும்ல?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் இது.

1. பேனல் வக்கீலுக்கான ஃபீஸ் உங்கள் பையிலிருந்து போகிறது. அவர் எழுதும் லீகல் ஒப்பீனியனோ கிளை மேலாளர் பெயருக்குப் போகிறது. நீங்கள் தவணை கட்டாவிட்டால் இந்த வீட்டை ஏலம் விட்டுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் பேங்க் அவரிடம் கேட்ட கேள்வி. 2002-இல் வந்த சர்ஃபேசி சட்டப்படி அந்த ஏலத்துக்குக் கோர்ட் படி ஏறக்கூட வேண்டாம். பக்கத்துச் சந்து பொதுவா, மாடிப்படியில் பங்காளிக்கு நடை பாத்தியதை உண்டா, பின்கட்டுக் கிணறு யாருக்கு என்பதெல்லாம் குடியிருக்கப்போகிற உங்கள் கவலை. நீங்களாகக் கேட்டால்தான் அதற்குப் பதில் வரும்.

ஐதராபாத்தில் விஜயா வங்கி வீட்டுக்கடன் மோசடி வழக்கு ஒன்று. ஒப்பீனியன் எழுதிய பேனல் வக்கீலையும் சி.பி.ஐ. குற்றவாளியாகச் சேர்த்தது. அவர் மீதான வழக்கை ஐகோர்ட் ரத்து செய்ய, 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மோசடியில் அவர் கூட்டு என்பதற்கு ஆதாரம் வேண்டும், ஒப்பீனியன் தப்பாகிப்போனது மட்டும் போதாது என்றது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் அவர் எழுதியது தப்பானால் நஷ்டம் யார் தலையில் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2. சொந்த வக்கீல் பிடிக்கும் முன்னால் கிளைக்குப் போய், “உங்க பேனல்ல ஆரணியில யார் யார் இருக்காங்க?” என்று கேளுங்கள். உங்களுக்கு நம்பிக்கையானவர் அதில் இருந்தால் ஒரே செலவு. இல்லாவிட்டால் அவர் எழுதுவதை பேங்க் ஏற்காது. பேனல் வக்கீலுக்கும் ஃபீஸ் கொடுத்து, உங்கள் வக்கீலுக்கும் கொடுங்கள். புரோக்கர் கைகாட்டுகிறவரும், விற்கிறவருக்கே பத்திரம் எழுதிக்கொடுக்கிறவரும் வேண்டவே வேண்டாம்.

3. பெயரை விட, ஊர் தெரிந்தவரா என்று பாருங்கள். ஆரணி ஜாகீராக இருந்த ஊர். 1989-க்கு முந்தைய பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருக்கும். டவுனுக்குள் டவுன் சர்வே எண், வெளியே சேவூர், ஒண்ணுபுரம் பக்கம் போனால் பாதித் தறிவீடு நத்தத்தில். நத்தத்து வீட்டுக்குப் பல தலைமுறையாகப் பத்திரமே இருக்காது, நத்தம் பட்டாவும் வரி ரசீதும்தான். சில பேங்க் அதற்குக் கடன் தரும், சில தராது. அதை முதல் நாளே சொல்லிவிடுகிற வக்கீல் உங்களுக்கு ஒரு மாசத்தை மிச்சப்படுத்துவார்.

4. இது என் தப்பு. அப்போது எனக்கு 29 வயசு. ஒரு மனைக்கு வில்லங்கம் போட்டேன். பட்டாவில் என்ன உட்பிரிவு எண் இருந்ததோ அதை மட்டும் மனுவில் எழுதினேன். ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்தது. நிலம் உட்பிரிவு ஆகும் முன்னால், மூல சர்வே எண்ணில், ஓர் அடமானம் பதிவாகிக் கிடந்தது. எட்டு மாசம் கழித்து அடமானக்காரர் மகன் பத்திரத்தோடு வந்தான். வாங்கியவர் பெண்டாட்டி நகையை விற்றுப் பாதி கட்டினார். அவர் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை.

பாவு பிணைக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பார், ஒன்று விட்டாலும் சேலையில் தெரியும். பத்திரத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். மூல எண், உட்பிரிவு எண், டவுன் சர்வே எண், பழைய கதவு எண் என்று எல்லாவற்றுக்கும் வில்லங்கம் எடுங்கள். வழக்கமாக 30 வருஷம் கேட்பார்கள். அடமானத்தை மீட்க வழக்குப் போடக் காலக்கெடு 30 வருஷம் என்பது அதற்கு ஒரு காரணம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-லிருந்து இணையத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்குப் பதிவு அலுவலகத்தில் மனு. அப்புறம் பழைய பத்திரத்தின் செக்குபந்தியைக் கையில் வைத்துக்கொண்டு மனையைச் சுற்றி நடங்கள். ‘வடக்கே தெருவுக்கும்’ என்று எழுதியிருக்கிற இடத்தில் இன்று ஒரு வீடு நின்றால் வக்கீலிடம் ஓடுங்கள்.

5. வில்லங்கத்தில் வராத கடனும் உண்டு. ஒரிஜினல் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனை முன்பெல்லாம் பதியாமலே விடலாம். தமிழ்நாட்டில் 2012-இல் சட்டம் திருத்தித்தான் அந்த ஒப்பந்தத்தைப் பதியக் கட்டாயமாக்கினார்கள். ஆகவே ஜெராக்ஸை நம்பாமல் ஒரிஜினலைக் கண்ணால் பாருங்கள். பேங்குகள் அடமானத்தைப் பதிகிற, 2011-இல் தொடங்கிய செர்சாய் பதிவேட்டிலும் வக்கீலைத் தேடச் சொல்லுங்கள்.

6. அக்கா தங்கைகளை எண்ணுங்கள். நம் பக்கத்தில் அதிக வழக்கு இதில்தான். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவர் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சமபங்கு, அது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்தில் 1989-இல் தமிழ்நாடு பங்கு கொடுத்தது, அதுவும் அன்று கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும். 2005-இல் மத்திய அரசு எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “சீர் செஞ்சாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க” என்று விற்கிற அண்ணன்தம்பி சொல்வார்கள். கேட்க மாட்டார்கள் என்றால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டுமே.

7. பதிவு நடந்துவிட்டது, சர்க்கார் சீல் இருக்கிறது என்று நிம்மதியாகாதீர்கள். விற்கிறவருக்கு உரிமை உண்டா என்று விசாரிப்பது சார்பதிவாளர் வேலையல்ல என்று 2025 ஏப்ரலில் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

8. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஜெராக்ஸ் கட்டு வக்கீல் மேஜைக்குப் போயாக வேண்டும். விற்கிறவர் அவசரப்படுத்தினால் சின்னத் தொகை கொடுத்து, ‘லீகல் சரியில்லை என்று வங்கி கடனை மறுத்தால் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டியது’ என்று அக்ரிமெண்டில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த வரி இல்லாததால் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! பேங்க் வேண்டாம் என்கிறது, விற்கிறவர் “நான் ரெடி, நீங்கதான் வாங்கல” என்கிறார். வாங்க வந்தவர் நடுவில் நிற்கிறார்.

9. ஒப்பீனியன் நகலைக் கேட்டு வாங்குங்கள். சில கிளைகளில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. முதல் பக்கம் ‘உரிமை தெளிவாக உள்ளது’ என்று இனிக்கும். கடைசிப் பக்கத்தில் ‘கீழ்க்கண்டவற்றைப் பெறும் பட்சத்தில்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, இரண்டாவது மகளின் விடுதலை என்று போகும். நான் நகல் எழுதிய நாட்களில் அந்தப் பட்டியலைத்தான் முதலில் படிப்பேன்.

10. செலவில் ஏமாறாதீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து கிரையத்துக்கு முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவில் 1 சதவீதம் குறையும். லீகல் ஃபீஸ், எஞ்சினியர் மதிப்பீடு, ஒப்படைப்புப் பதிவு எல்லாம் தனி.

11. பேங்க்கில் ஒரிஜினலைக் கொடுக்கும்போது எந்தெந்தப் பத்திரம், என்ன எண், என்ன வருஷம் என்று பட்டியல் எழுதி, சீல் போட்டு வாங்குங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், தாமதம் அவர்களால் என்றால் நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவு போட்டிருக்கிறது. கையோடு அடமான ரத்து ரசீதையும் பதிந்து, இன்னொரு தடவை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பேங்க் சீல் போட்ட அப்படி ஒரு பட்டியல் என் வீட்டில் அப்பாவின் ஜரிகைப் பெட்டிக்குள் இருக்கிறது. மகன் கடன் முடிய இன்னும் ஆறு வருஷம்.