ஆர்.எஸ்.எஸ். ஒரு ஸ்டாண்டர்டா?

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிவ்யூ. நானும் என் டீம்மேட்டும் செய்திருந்தது சின்ன விஷயம்தான். பல தளங்களில் வரும் அறிவிப்புகளை அவற்றின் ஃபீட் வழியாக எடுத்து, ஒரே திரையில் காட்டும் ஆப். ஃபீட் என்றால் தெரியும்தானே? தமிழில் செய்தியோடை என்பார்கள். புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதை மென்பொருளுக்குப் புரியும்படி எழுதி வைக்கும் ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பு.

டெமோ நன்றாகத்தான் போனது. நடுவில் ஒரு தளத்தின் அறிவிப்பு மட்டும் நாலு தடவை வரிசையாக வந்து நின்றது. "அந்த சைட் ஃபீட்லதான் சார் கோளாறு. ஆர்.எஸ்.எஸ். ஸ்டாண்டர்டை அவங்க ஃபாலோ பண்ணல" என்று சமாளித்தேன்.

எக்ஸ்டர்னல் சார் நிமிர்ந்து பார்த்தார். "யாரோட ஸ்டாண்டர்டுப்பா? நம்பர் என்ன?"

ரெண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் ஒரு நாள் அந்தக் கேள்வி வரலாம்.

ஒரே பெயர், மூன்று விரிவு

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் போர்ட்டலுக்காக ஆர்.எஸ்.எஸ். 0.90 வெளியிட்டது. அப்போது விரிவு 'ஆர்.டி.எஃப். சைட் சம்மரி'. அதே ஆண்டு ஜூலையில் 0.91 வந்தபோது அது 'ரிச் சைட் சம்மரி' ஆனது. பிறகு நெட்ஸ்கேப் ஒதுங்கிக்கொள்ள, பாதை இரண்டாகப் பிரிந்தது. 2000 டிசம்பரில் ஒரு குழு மறுபடி ஆர்.டி.எஃப். அடிப்படையில் 1.0 வெளியிட்டது. அதே மாதம் யூசர்லேண்ட் நிறுவனத்தின் டேவ் வைனர் 0.92 வெளியிட்டார். அவர் வழியில் வந்ததுதான் 2002-ன் 2.0. அதன் விரிவு 'ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்'.

இங்கேதான் பலர் வழுக்குகிறோம். 1.0-வின் அடுத்த பதிப்பு 2.0 இல்லை. இரண்டும் வேறு வேறு குடும்பம். எண்ணை மட்டும் பார்த்து பார்ஸர் எழுதினால் அடி வாங்குவோம்.

சரி, இதை எந்தத் தரநிலை அமைப்பு வெளியிட்டது? எதுவும் இல்லை. 2003 ஜூலையில் 2.0-வின் உரிமை ஹார்வர்டு சட்டப் பள்ளியின் பெர்க்மன் மையத்துக்குப் போனது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அது ஐ.இ.டி.எஃப். ஆவணமும் இல்லை, டபிள்யூ3சி பரிந்துரையும் இல்லை. அந்த ஆவணமே தன்னை உறைந்துபோன ஒன்றாக அறிவித்துக்கொள்கிறது. புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் நேம்ஸ்பேஸ் வழியாகச் சேருங்கள், இல்லையென்றால் வேறு பெயரில் வேறு வடிவம் செய்யுங்கள் என்கிறது.

வேறு பெயரில் வந்தது

அந்த வேறு வடிவம்தான் ஆட்டம். விளையாட்டு இல்லை, அணு! 2003 ஜூனில் சாம் ரூபி தொடங்கிய விக்கியில் விவாதம் ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஐ.இ.டி.எஃப். இதற்கென்று ஒரு பணிக்குழு அமைத்தது. 2005 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 4287 ஆக வெளிவந்தது.

வித்தியாசம் என்ன? எங்கள் பிரச்சினையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.எஸ்.எஸ். 2.0-வில் ஒரு செய்திக்கு டைட்டில் அல்லது டிஸ்கிரிப்ஷன், இரண்டில் ஒன்று இருந்தால் போதும். செய்தியின் அடையாளமான 'குயிட்' கட்டாயமில்லை. தேதி கட்டாயமில்லை. டைட்டிலுக்குள் எச்.டி.எம்.எல். வரலாமா என்பதும் தெளிவாக இல்லை. ஆட்டத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஐடி, டைட்டில், கடைசியாகத் திருத்திய நேரம் மூன்றும் கட்டாயம். உள்ளே இருப்பது வெறும் எழுத்தா, எச்.டி.எம்.எல்.லா என்று 'டைப்' போட்டுச் சொல்லலாம்.

நாங்கள் மாட்டிய ஃபீடில் குயிட் இல்லை. லிங்க் எல்லாம் ஒரே பக்கத்துக்குப் போனது. அதனால் டைட்டிலை வைத்தே நாங்கள் கீ உருவாக்கியிருந்தோம். யாரோ எழுத்துப்பிழை திருத்தியபோதெல்லாம் எங்கள் கோடுக்கு அது புது அறிவிப்பு! அதாவது, அந்த ஃபீட் எந்த விதியையும் மீறவில்லை. இல்லாத விதியை இருப்பதாக நினைத்தது நாங்கள்தான்.

ஆர்.எஃப்.சி. என்றாலே ஸ்டாண்டர்டு இல்லை

இன்னொரு பொறி இது. 1990 ஏப்ரல் 1-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1149, புறா காலில் பாக்கெட் கட்டி அனுப்புவது பற்றியது. அதற்கும் எண் உண்டு! எனவே எண்ணோடு நிற்காமல் அந்தஸ்தையும் பார்க்க வேண்டும். தகவலுக்கானது, பரிசோதனைக்கானது, தரநிலைப் பாதையில் உள்ளது என்று வகைகள் உண்டு. தரநிலைப் பாதையில் முன்பு மூன்று படிகள் இருந்தன. 2011-ல் அதை இரண்டாகக் குறைத்தார்கள்: ப்ரொபோஸ்டு ஸ்டாண்டர்டு, அதற்கு மேல் இன்டர்நெட் ஸ்டாண்டர்டு.

ஆட்டம் நிற்பது முதல் படியில். அதனால் மட்டம் என்று நினைக்காதீர்கள். நம் பேங்க் ஆப்புகள் நம்பியிருக்கும் டி.எல்.எஸ். 1.3-யும் 2018-ல் ப்ரொபோஸ்டு ஸ்டாண்டர்டாகத்தான் வந்தது.

அந்தஸ்து வேறு, புழக்கம் வேறு

ஃபீட் என்பது படிக்க. எழுதவும் திருத்தவும் நீக்கவும் அதே குழு ஒரு புரோட்டோகால் செய்தது: ஆட்டம்பப், 2007 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 5023. போஸ்ட் போட்டால் புதுப் பதிவு, புட் போட்டால் திருத்தம், டெலீட் போட்டால் நீக்கம். நாம் இன்று ரெஸ்ட் என்று படிப்பதேதான். கூகுளின் பழைய டேட்டா ஏ.பி.ஐ.கள் இதன் மேல்தான் கட்டப்பட்டன. ஆனால் உலகம் ஜேசன் பக்கம் போய்விட்டது. வேர்ட்பிரஸ் 2012-ல் ஆட்டம்பப்பைத் தன் மையக் கோடிலிருந்து நீக்கியது. ஆர்.எஃப்.சி. இன்னும் செல்லும், பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

மறுபக்கம் பாருங்கள். எந்த அமைப்பின் முத்திரையும் இல்லாத ஆர்.எஸ்.எஸ். 2.0 மேல்தான் பாட்காஸ்ட் உலகமே ஓடுகிறது. ஆட்டமும் தோற்றுவிடவில்லை. யூடியூப் சேனல் ஃபீட், கிட்ஹப் ரிலீஸ் ஃபீட், ஆர்க்கைவ் ஆய்வுத்தாள் தேடல் எல்லாம் ஆட்டம்தான்.

ஆகவே 'இது ஸ்டாண்டர்டா?' என்பது ஒரு கேள்வி இல்லை, மூன்று. யார் வெளியிட்டது? இன்று அதன் அந்தஸ்து என்ன? நிஜத்தில் யார் பயன்படுத்துகிறார்கள்? முதல் இரண்டுக்கும் பதில் ஆர்.எஃப்.சி. எடிட்டர் தளத்திலோ டபிள்யூ3சி தளத்திலோ ஒரு நிமிடத்தில் கிடைக்கும். மூன்றாவதுக்கு நாலு நிஜ ஃபீடைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

நாங்கள் கோடை மாற்றினோம். குயிட் இருந்தால் அதையே கீயாக எடு. இல்லையென்றால் லிங்க், அதுவும் அந்த ஃபீடில் வேறு செய்திக்கு இல்லாவிட்டால் மட்டும். அதுவும் கிடைக்காவிட்டால், அந்தத் தளத்தின் பழைய பட்டியலைத் தூக்கிவிட்டுப் புதியதை அப்படியே காட்டு. ரிப்போர்ட்டிலும் ஒரு வரியைத் திருத்தினோம். 'ஆர்.எஸ்.எஸ். ஸ்டாண்டர்டின்படி' என்றிருந்ததை 'ஆர்.எஸ்.எஸ். 2.0 விவரக்குறிப்பின்படி' என்று மாற்றினோம்.

ஒரு சொல்தான். ஆனால் அடுத்த ரிவ்யூவில் சுவரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.