குடாநாட்டுக் கிணறுகளும் உவர்நீர்த் தடுப்பணைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே வயலுக்கும் தோட்டத்துக்கும் ஆதாரமாகும். அம்மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளினூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. கோடையில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கப்படுவது அந்நீரே.

இந்நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதென்பதைக் கமக்காரர் முதலில் உணர்தல் வேண்டும். நன்னீர் கடல்நீரிலும் பாரம் குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கமே கவலைக்குரியது. நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து அவ்வாறே நின்றுவிட்டால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழ இடமுண்டு. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே.

குடாநாட்டினுள் ஊடுருவிக் கிடக்கும் கடல்நீரேரிகளின் உவர், அயலிலுள்ள வயல்களையும் கிணறுகளையும் கெடுத்து வந்தது. இதனைத் தடுப்பதற்காகத் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அரசாங்கம் அமைத்த தடுப்பணைகள் 1950களின் நடுப்பகுதிக்குள் நிறைவெய்தின. ஆனையிறவுக் கடல்நீரேரியை அடைத்து, கனகராயனாற்று வெள்ளத்தை அதில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடல்நீரேரிக்குச் செலுத்தும் திட்டத்தை 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்தார். 1960களில் வேலைகள் பல நடைபெற்றும் அத்திட்டம் அக்காலத்தில் முழுமை பெறவில்லை.

அணை கட்டியதோடு அலுவல் முடிந்ததென எண்ணுதல் தவறு. முதல் மழை ஏரியின் உவரைக் கரைத்து வரும். அதனைக் கடலுக்கு விடக் கதவுகள் திறக்கப்படல் வேண்டும். மாரி முடியுந் தறுவாயில் அவற்றை மூடி, எஞ்சிய நன்னீரைத் தேக்க வேண்டும். இங்கேதான் பிணக்கு எழுகின்றது. தாழ்ந்த வயலுடையவர் வெள்ளத்தால் நெல் அழுகுமென அஞ்சித் திறக்கச் சொல்வார். தோட்டக் கிணறுடையவர் மூடச் சொல்வார். இருவர் கூற்றிலும் நியாயமுண்டு. ஆயினும் ஒருவர் தம் எண்ணப்படி இரவில் பலகையைக் கழற்றுவாராயின், ஊரார் அனைவரின் கிணறுகளும் கோடையில் அதன் பயனை அனுபவிக்கும். கமக்காரர் அமைப்புகள் இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி, நீர்ப்பாசன அலுவலருடன் நாளைக் குறித்துக்கொள்வது நன்று.

நிலநீரை ஆராய்வதற்கும் அதுபற்றி அரசுக்கு ஆலோசனை கூறுவதற்கும் நீர்வளச் சபை உண்டு. அது 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்டது. எனினும் தோட்டக் கிணற்றின் காவல் பெரும்பாலும் உடையவர் கையிலேயே உள்ளது. துலாவால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இறைக்கும் யந்திரத்துக்கோ களைப்பில்லை. ஒரே மூச்சில் அடிவரை இறைப்பதை விடுத்து, காலையிலும் மாலையிலும் பகுதி பகுதியாக இறைத்து, இடையில் கிணறு ஊற விடுதல் வேண்டும். நீர் குறைந்ததென்று கிணற்றை மேலும் ஆழமாக்குவது உவரை வலிந்து அழைப்பதாகும். பங்குக் கிணறாயின் முறைகளுக்கிடையே போதிய நேரம் விடுக.

பசளையிலும் அளவு வேண்டும். செம்மண்ணில் மிகையாக இட்ட யூரியா, மிகையான இறைப்போடு சேர்ந்து நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்குரிய எல்லையைத் தாண்டியிருப்பது 1980களிலேயே ஆய்வுகளிற் காணப்பட்டது. அந்நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு. காய்ச்சினாலும் நைத்திரேற்று நீங்காது. பசளையைப் பிரித்து இடுதலும், இட்டபின் அளவோடு இறைத்தலும் செலவையும் குறைக்கும்.

வயலுடையவர்கள் மாரிக்கு முன்னர் வரம்புகளை உயர்த்திக் கட்டி, அயற்குளங்களின் வண்டலை அகற்றுதல் வேண்டும். வயலிலும் குளத்திலும் நின்று ஊறும் மழையே அடுத்த கோடையின் கிணற்றுநீர்.

நீரில் உவர்ச்சுவை தோன்றினால் இறைப்பை நிறுத்தி விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை பெறுக. பரிசோதனைக்குரிய நீரை இறைப்பு முடியுந் தறுவாயில் சுத்தமான போத்தலில் எடுத்தல் வேண்டும். இறைப்புக்கு முன் எடுத்த நீர் மேலேயுள்ள நன்னீரை மட்டுமே காட்டும்.